எட்டுத் தொன் இரும்பும் ஏழு பேர்ச்சஸ் காணியும்: மலையகத்தில் பழைய போரிங் இயந்திரம் வாங்குமுன்

மலையகத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டால் அதன் வாசலுக்கு முதலில் வருவது பழைய இரும்பு வாங்கும் லொறிதான். ரோலர், ட்ரையர், சாஃப்ட், புல்லி எல்லாம் கிலோக் கணக்கில் விலை பேசப்படுகின்றன. கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பொறியியல் பட்டறைகள் கலைக்கப்படும்போதும் இதுவே நடக்கிறது. அந்தக் குவியலில் ஒரு லேத் இருந்தால் அதை அடையாளம் கண்டு தனியே எடுத்துவைக்க ஆள் இருக்கும். கிடை போரிங் இயந்திரம் இருந்தால் அது பெரும்பாலும் உடைத்து ஏற்றப்படும். அதன் எடையும் அளவுமே அதற்கு எதிரி.

தொழிற்சாலைகளில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்களும், கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ இயந்திரப் பட்டறைகளில் வேலை பழகிய அவர்களுடைய பிள்ளைகளும், ஊருக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை போட நினைக்கும்போது இந்த இயந்திரம் கண்ணில் படுகிறது. விலை மலிவு. செய்யக்கூடிய வேலையோ பெரிது. வாங்கலாமா? வாங்கினால் எங்கே வைப்பது? எப்படி ஓட்டுவது? இவற்றுக்கான அடிப்படை விளக்கத்தை இக்கட்டுரை தருகிறது. தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விகளில் மிகக் கடினமானது இயந்திரத்தைப் பற்றியது அல்ல, அதன் கீழே இருக்கும் நிலத்தைப் பற்றியது.

எது இந்த இயந்திரம்?

‘போரிங்’ என்றவுடன் நம்மில் பலருக்குக் குழாய்க்கிணறு தோண்டும் இயந்திரமோ, வாகன எஞ்சின் பிளொக்கை ‘போர்’ பண்ணும் கடையோதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது வேறு. ஏற்கெனவே வார்க்கப்பட்டோ துளையிடப்பட்டோ இருக்கும் துளையை, சரியான அளவுக்கும் சரியான நேர்கோட்டுக்கும் குடைந்தெடுக்கும் பட்டறை இயந்திரம் இது.

லேத்தில் வேலைப்பொருள் சுழலும், வெட்டும் உளி நிற்கும். போரிங் இயந்திரத்தில் வேலைப்பொருள் மேசையில் இறுக்கப்பட்டு நிற்கும், உளி பொருத்திய தண்டு சுழலும். ஆகவே சுழற்ற முடியாத பெரிய பொருட்களில், கியர்பெட்டியின் உடலிலும் பம்பின் கூட்டிலும் பேரிங் தாங்கியிலும், துளை போட இதுவே பொருத்தமானது. இயந்திரத்தின் அடிப்படை உறுப்புகள் ஐந்து: நீண்ட படுகை, அதன் ஒரு முனையில் தூண், தூணில் மேலும் கீழும் நகரும் சுழல்தலை, இரு திசைகளில் நகரும் மேசை, மறுமுனையில் தண்டின் நுனியைத் தாங்கும் துணைத்தூண்.

அந்தத் துணைத்தூண்தான் இந்த இயந்திர வகையின் வரலாறு. 1774 இல் இங்கிலாந்தின் இரும்பு ஆலைக்காரரான ஜோன் வில்கின்சன் பீரங்கிக் குழாய்களைக் குடையும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் குடைய வேண்டிவந்தபோது, தண்டின் இரு முனைகளையும் தாங்கிப்பிடிக்கும் இயந்திரத்தை அவர் அமைத்தார். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு வெட்டும்போது வளைந்து, துளையும் அதனோடு சேர்ந்து கோணும். இரு முனையும் தாங்கப்பட்டால் துளை நேராகும். வாட்டின் எஞ்சின் நடைமுறைக்கு வந்ததில் அந்தச் சிலிண்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

மலையகத்தின் இரும்பு வரலாறு

தேயிலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் கொழுந்தைப் பற்றியும் கூடையைப் பற்றியும் சொல்வார்கள். பட்டறையைப் பற்றிச் சொல்வது குறைவு. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பி இயந்திரங்களுக்காக 1854 இல் ஜோன் வாக்கர் கண்டியில் பட்டறை தொடங்கியிருந்தார். பிரவுண் கம்பனியின் தொடக்கமும் 1875 இல் ஹட்டனில் அமைந்த ஒரு பொறியியல் பட்டறைதான். ரயில்பாதை 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்த பிறகு கனமான இயந்திரங்கள் மேலே ஏறத் தொடங்கின. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் நிறுவனம் செய்த ஜாக்சன் ரோலர்களும் பெல்பாஸ்டில் டேவிட்சன் செய்த ‘சிரோக்கோ’ ட்ரையர்களும் அவ்வாறு வந்தவை. கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இக்கால இயந்திரங்களை இன்றும் நேரில் பார்க்கலாம்.

இந்த இயந்திரங்களைப் பல தலைமுறைகளாக ஓட்டியும் கழற்றியும் பூட்டியும் வந்தவர்களில் பெரும்பாலோர் லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். தோட்டத்து வழக்கில் ‘ஸ்டோர்’ எனப்பட்ட தொழிற்சாலையில், எஞ்சின் அறையில் எடுபிடியாகச் சேர்ந்து பிட்டரானவர்கள் பலர். கையில் சான்றிதழ் இருக்காது, காதில் பேரிங் சத்தத்தின் வேறுபாடு இருக்கும். அந்தத் திறமை தோட்டத்துக்கு உழைத்தது. சொந்தப் பட்டறையாக மாறுவதற்கு அதற்கு இடம் கிடைக்கவில்லை.

என்ன வேலை கிடைக்கும்?

வாங்குமுன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வழமையான தேயிலை ரோலரின் பெட்டி மூன்று கிராங்குகளின் மீது வட்டமாக அசைகிறது. ஒவ்வொரு கிராங்கிலும் இரண்டு துளைகள். ஒன்று மேசையோடு சேரும் அச்சுக்கு, மற்றது பெட்டியைத் தாங்கும் அச்சுக்கு. காலப்போக்கில் புஷ் தேய்ந்து, பிறகு துளையே நீள்வட்டமாகிவிடும். அப்போது ரோலர் தட்டும், சூடாகும், கிரீஸ் கசிந்து கொழுந்தில் சேரும்.

துளையைப் பெரிதாக்கிப் புதிய புஷ் போடுவது மட்டும் போதாது. மூன்று கிராங்குகளிலும் இரு துளைகளின் மையங்களுக்கிடையிலான தூரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு கிராங்க் மில்லிமீற்றரில் சிறு பங்கு நீண்டிருந்தாலும் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும், புதிய புஷ்ஷும் விரைவில் தேயும். போரிங் இயந்திரத்தில் கிராங்கை ஒருமுறை இறுக்கிவிட்டால் முதல் துளையை முடித்து, மேசையை அளந்து நகர்த்தி, கழற்றாமலே இரண்டாவது துளையைப் போடலாம். இரு துளைகளும் இணையாகவும் சம தூரத்திலும் அமையும். கையால் கழற்றி லேத்தில் மாற்றி மாற்றிப் பூட்டுவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

பிளம்மர் பிளொக், கியர்பெட்டி, ரொட்டர்வேன் உருளைக் கூடு, மின்விசிறித் தலை, தண்ணீர்ப் பம்பு, சிறு நீர்மின் டர்பைன்களின் பேரிங் தாங்கி, மண்வெட்டும் இயந்திரங்களின் கை இணைப்புகள் ஆகியவையும் இதில் செய்யக்கூடியவை. ஆனால், சுற்றியுள்ள தொழிற்சாலைகள் இவ்வேலைகளை இப்போது எங்கே கொடுக்கின்றன, எத்தனை நாள் காத்திருக்கின்றன, பணத்தை எத்தனை மாதத்தில் தருகின்றன என்பதை நேரில் கேட்டறியாமல் முதலைப் போடக்கூடாது.

வேலை குறைவாக இருக்கும் என்று தெரிந்தால் இரண்டு மாற்றுவழிகள் உண்டு. ஒன்று, நல்ல நடுத்தர லேத். வேலைப்பொருளை லேத்தின் நகரும் மேசையில் இறுக்கி, உளி பொருத்திய தண்டை இரு முனைகளுக்கிடையில் சுழலவிட்டால் அதுவே சிறிய போரிங் இயந்திரமாகும். மற்றது, கையோடு கொண்டுபோகக்கூடிய போரிங் தண்டு. பெரிய சட்டத்தைக் கழற்றாமல் அது நிற்கும் இடத்திலேயே துளையைச் சரிசெய்ய இதுவே ஏற்றது. மலைப்பாதையில் எட்டுத் தொன்னைச் சுமப்பதைவிட எண்பது கிலோவைச் சுமப்பது இலகு. பலருக்கு இவ்விரண்டும் போதும்.

பார்த்து வாங்குவது எப்படி?

பழைய இயந்திரங்களில் நல்ல பெயர் பெற்றவை சில: மான்செஸ்டருக்கு அருகே புரோட்ஹீத்தில் செய்யப்பட்ட கேர்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், செக் நாட்டின் டொஸ் வார்ன்ஸ்டோர்ஃப், ஜேர்மனியின் யூனியன், அமெரிக்காவின் லூக்காஸ். பெயர்ப்பலகையைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். சிறிய வகைகள் மூன்று, நான்கு தொன் இருக்கும். 75 அல்லது 80 மில்லிமீற்றர் சுழல்தண்டு உள்ளவை ஆறு முதல் பத்துத் தொன் வரை போகும். ஒரு டயல் கேஜ், ஒரு நேர்விளிம்பு, ஃபீலர் கேஜ், டோர்ச் ஆகியவற்றோடு பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள்.

முதலில் படுகை. மேசை அதிகம் ஓடிய இடத்துக்கும் ஓடாத கடைசி முனைக்கும் இடையே விரலை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டும் படி இருந்தால் தேய்மானம் பெரிது. மேசையை நடுவில் சரியாக இறுக்கினால் முனைகளில் அது அசைய மறுக்கும்.

அடுத்து சுழல்தண்டு. அதன் கூம்புத் துளையைத் துணியால் துடைத்து, சோதனைத் தண்டைப் பொருத்தி, மூக்கருகிலும் 300 மில்லிமீற்றர் தள்ளியும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுழற்றுங்கள். மூக்கருகில் ஊசி இரண்டு மூன்று கோடுகளுக்குமேல் ஆடினால் பேரிங்கோ கூம்போ கெட்டிருக்கிறது. கேஜின் ஒரு கோடு 0.01 மில்லிமீற்றர். பிறகு ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்துத் தண்டை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். ஊசி துள்ளினால் பேரிங்கில் இடைவெளி உண்டு.

கியர்பெட்டியின் அடியாணியைக் கழற்றி ஒயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு வெண்கலத் தேய்மானம், கூர்மையான துண்டுகள் உடைந்த பல். முடியுமானால் மின்சாரம் கொடுத்து எல்லா வேகங்களிலும் ஓடவைத்துக் கேளுங்கள். வார்ப்பில் வெடிப்பும், வெடிப்பை மறைத்த பெயின்டும் இருக்கின்றனவா என்று மூலைகளைத் தட்டிப் பாருங்கள்.

நகர்த்தும் திருகுகளில் சற்று ஆட்டம் இருப்பது பழைய இயந்திரத்தில் இயல்பு. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்தால் அதைச் சமாளிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்த திருகு வேறு விடயம். அதன் அளவே பொய்யாகிவிடும். ஆங்கில, அமெரிக்க இயந்திரங்கள் பல அங்குல அளவில் உள்ளவை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று என்பது 0.0254 மில்லிமீற்றர் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும்.

கடைசியாக, இல்லாதவற்றைத் தேடுங்கள். துணைத்தூண், அதன் புஷ்கள், போரிங் தண்டுகள், முகம் வெட்டும் தலை, கைப்பிடிகள், மாற்றுக் கியர்கள் ஆகியவை முதலில் காணாமல் போகும் பாகங்கள். பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு விலை சொல்வார். ஆனால் இயந்திரத்தின் பெறுமதி இந்தச் சில்லறைப் பாகங்களில்தான் இருக்கிறது. துணைத்தூண் இல்லாத இயந்திரம் பாதி இயந்திரம்.

காணி என்ற முதல் கருவி

இனி கடினமான கேள்வி. பெருந்தோட்ட நிலத்தின் உரிமை அரசிடமும் நிர்வாகம் குத்தகைக்கு எடுத்த கம்பனிகளிடமும் இருக்கிறது. லயன் அறையிலோ அதன் முன்வாசலிலோ கனரக இயந்திரம் பொருத்தத் தொழிலாளிக்கு உரிமை இல்லை. நூறாண்டு தாண்டிய சுவர்களுக்கு அந்த அதிர்வைத் தாங்கும் வலுவும் இல்லை.

தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற கணக்கில் காணி ஒதுக்கப்பட்டது. இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. வீடு போக மிஞ்சுவது 1,350 சதுர அடியளவு. அதிலும் மண்சரிவும் வடிகாலும் படிக்கட்டும் போகச் சமதரையாக எஞ்சுவது சிறிது.

எட்டுத் தொன் இயந்திரத்துக்கு நாலரை மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம், 30 சென்றிமீற்றர் கனத்தில் கொன்கிரீட் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அது 3.4 கனமீற்றர். கனமீற்றருக்கு 2.4 தொன் என்றால் தளமே எட்டுத் தொன். ஆக, வெட்டிச் சமன்செய்த மலைச்சரிவில் பதினாறு தொன் ஏறுகிறது. சரிவை வெட்டி அந்த மண்ணை முன்னால் கொட்டி நிரப்பிய பகுதியில் இதை வைக்கவே கூடாது. வெட்டுண்ட கெட்டி மண்ணின் பக்கமே வைக்க வேண்டும். மேலே வெட்டிய மண்சுவருக்கும் கீழே மழைநீர் போகும் வழிக்கும் தீர்வு இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு கேட்கப்படுவது இதனால்தான். அதைத் தொல்லையாகக் கருதாமல் முதலில் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்கென்று தரப்பட்ட காணியில் பட்டறை நடத்த முடியுமா என்பது. குடியேறிய பல குடும்பங்களின் கையில் முழுமையான உறுதி இன்னும் இல்லை. உறுதியில்லாத காணியைக் காட்டி வங்கிக் கடன் பெறுவது கடினம். இயந்திரத்தைப் பொருத்திய பிறகு காணித் தகராறு வந்தால் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்போல் இதைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. எனவே உறுதி கைக்கு வரும்வரை, ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களின் ஓரத்தில் எழுத்துமூலக் குத்தகையில் இடமெடுப்பதோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பட்டறையில் பங்குபோடுவதோ புத்திசாலித்தனம். வியாபார அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையா என்பதைப் பிரதேச சபையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டப்புறங்களுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதும் நம் வேலை.

மலையேற்றுவது

ஏற்றுமுன் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து எண் போடுங்கள். இதில் உயிரைப் பறிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. பல இயந்திரங்களில் சுழல்தலையைச் சமன்செய்ய, தூணுக்குள் ஒரு பாரம் சங்கிலியிலோ கம்பிக்கயிற்றிலோ தொங்கும். அதைத் தாங்கிக் கட்டாமல் தலையைக் கழற்றினால் பாரம் விழும், அல்லது தலை சரியும். முதலில் தலையை அடியில் மரக்கட்டைகளில் அமர்த்தி, பாரத்தைப் பூட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.

தூக்குவதற்கு எடை குறிக்கப்பட்ட செயின் பிளொக்கும் பூம் டிரக்கும் தேவை. ஊர்க்கயிறும் பத்து இளைஞர்களும் போதாது. தோட்டப்பாதையின் கொண்டையூசி வளைவுகளையும் பாலங்களின் தாங்குதிறனையும் முதல்நாளே வெறும் லொறியில் போய்ப் பார்த்துவிடுங்கள். மழை ஓய்ந்த நாளைத் தெரிவுசெய்யுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தளம் போட்டு 28 நாள் விட்டபின் இயந்திரத்தை அமர்த்துங்கள். மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் காட்டும் நீர்மட்டத்தால் நீளத்திலும் குறுக்கிலும் சமன்செய்யுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மண் இறங்கியிருக்கும். படுகை முறுக்கினால் எந்தத் திறமைசாலியாலும் நேர்த்துளை போட முடியாது.

மின்சாரம்

இந்த இயந்திரங்களின் மோட்டார் ஐந்து முதல் பத்துக் குதிரைவலு வரை இருக்கும், அதுவும் மூன்று பேஸ். வீட்டு ஒற்றை பேஸ் இணைப்பிலிருந்து வேகமாற்றி மூலம் ஏறக்குறைய மூன்று குதிரைவலு மோட்டார்வரை ஓட்டலாம். அப்போது கிடைப்பது 230 வோல்ட் மூன்று பேஸ். ஆகவே மோட்டார் பலகையில் 230/400 என்று இருந்தால் டெல்டாவாக மாற்றிக் கட்ட வேண்டும். 400/690 என்றிருந்தால் அது சரிவராது. பெரிய மோட்டாருக்கு மூன்று பேஸ் மின் இணைப்பே வழி. அதற்கான செலவையும் கம்பத்திலிருந்து தூரத்தையும் இயந்திரம் வாங்குமுன் கேளுங்கள். அமெரிக்க 60 ஹேர்ட்ஸ் மோட்டார் இங்குள்ள 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சூடேறுகிறதா என்று கவனிக்க வேண்டும். பழைய துணிச்சுற்று வயர்களை முழுவதும் மாற்றி, நிலக்கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் போடாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

முதல் வேலை

முதல் வேலையாக வாடிக்கையாளரின் பொருளைத் தொடாதீர்கள். பழைய வார்ப்பிரும்புத் துண்டொன்றில் 80 மில்லிமீற்றர் துளை போட்டுப் பழகுங்கள். வேகக் கணக்கு எளிது: நிமிடத்துக்கான வெட்டுவேகத்தை மீற்றரில் எடுத்து 1,000 ஆல் பெருக்கி, துளையின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். சாதாரண வேக உருக்கு உளிக்கு வார்ப்பிரும்பில் 20 மீற்றர் என்றால், 20,000 ஐ 251 ஆல் வகுக்க வருவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சுற்று. வார்ப்பிரும்புக்குத் தண்ணீரோ ஒயிலோ வேண்டாம், உலர்வாகவே வெட்டலாம்.

தண்டு வெளியே நீளும் தூரம் அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்குமேல் போனால் அதிரத் தொடங்கும். அப்போது துணைத்தூணைப் பயன்படுத்துங்கள். வேலைப்பொருளை இறுக்கும்போது அடியில் இடைவெளி இருந்தால் தகடு வைத்து நிரப்புங்கள். இறுக்கி வளைத்துத் துளை போட்டால், கழற்றியவுடன் பொருள் பழைய நிலைக்குத் திரும்பித் துளை கோணும். கடைசி வெட்டுக்கு முன் பிடிகளைச் சற்றுத் தளர்த்தித் திரும்ப இறுக்குவது பழைய பிட்டர்களின் பழக்கம். காரணம் இதுதான். பேரிங் அமரும் 80 மில்லிமீற்றர் துளைக்கு வழமையான ‘எச்7’ அளவு 80.000 முதல் 80.030 வரை. அந்த முப்பது மைக்ரோனுக்குள் நிற்கத் தெரிந்த பிறகே தொழிற்சாலை வேலையை ஏற்கலாம்.

உயிருக்கும் ஊருக்கும் பாதுகாப்பு

மெதுவாகச் சுழலும் தண்டு ஆபத்தில்லாததுபோல் தோன்றும். அந்தத் தோற்றமே ஆபத்து. சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, துண்டு, கையுறை எதுவும் அதன் அருகே போகக்கூடாது. சுருளைக் கையால் இழுக்கக்கூடாது. வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால் பிரதான சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை உங்களிடம் வைத்திருங்கள். பிள்ளைகள் கைப்பிடிகளைத் திருப்பிப் பார்க்க ஆசைப்படுவார்கள். தனியாக இருக்கும்போது கனமான பொருளை ஏற்றாதீர்கள். நுவரெலியாக் குளிரில் காலையில் இரும்பின்மேல் ஈரம் படியும். ஒவ்வொரு மாலையும் துடைத்து ஒயில் பூசி மூடினால்தான் துரு பிடிக்காது.

பற்றுச்சீட்டும் பழைய அனுபவமும்

தோட்டத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ வாங்கினால், விற்க அதிகாரமுள்ளவரின் கடிதம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, வாசலைக் கடக்கும் அனுமதிச்சீட்டு மூன்றும் வேண்டும். ‘தெரிந்தவர் கொடுத்தார்’ என்ற பேச்சு நாளை திருட்டுக் குற்றச்சாட்டாக மாறலாம். அந்தக் குற்றச்சாட்டு வழமையாகத் தொழிலாளியின்மீதே விழும்.

இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. 1977 இலும் 1983 யூலையிலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் அங்கே திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கின. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிக்காட்டிய வன்னிப் பட்டறைகளின் கைகளில் மலையகத்துக் கைகளும் இருந்தன. 2009 இல் அவையும் போயின. லேத்தும் வெல்டிங் செட்டும் இருந்த இடத்தில் பழைய இரும்பு மட்டும் கிடந்தது, அதையும் யாரோ ஏற்றிப்போனார்கள். இழந்த தொழில்களுக்கு நட்டஈடு வழங்கவென்று 1987 இல் அமைந்த புனர்வாழ்வு அதிகாரசபையின் பணி, 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இழப்பீடுகளுக்கான அலுவலகத்திடம் போனது. அங்கே விண்ணப்பித்தவர்களிடம் கேட்கப்பட்டது அத்தாட்சி. இயந்திரம் இருந்ததற்கான காகிதம் இல்லாதவர்களின் இழப்பு, கணக்கில் இழப்பாகவே ஏறவில்லை.

எனவே இயந்திரத்தின் தொடர் எண், பெயர்ப்பலகை, நாலு பக்கப் படங்கள், பற்றுச்சீட்டு, குத்தகை உடன்படிக்கை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒன்றும் வெளியூரில் உள்ள உறவினரிடம் ஒன்றுமாக வைத்திருங்கள். இது பயத்தில் சொல்வது அல்ல. மண்சரிவுக்கும் தீக்கும் காப்புறுதி எடுக்கவும் இவையே தேவை.

புலம்பெயர்ந்த உறவுகளில் பலர் தையல் இயந்திரமும் ஆடும் கோழியும் வாங்கிக் கொடுத்து உதவுகிறார்கள். அது நல்லதுதான். ஒரு பட்டறையைத் தாங்க நினைப்பவர்கள் இயந்திரத்தின் விலையை மட்டும் அனுப்பாமல், தளம், மின் இணைப்பு, அளவுக்கருவி, முதல் ஆறு மாத வாடகை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மலிவாகக் கிடைத்த இயந்திரங்கள் பல தார்ப்பாயின் கீழ் துருவேறிக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு போடப்படாததே.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் வேலை இருக்கிறதா என்று கேட்பது, இரண்டாவது காணியும் காகிதமும், மூன்றாவது மின்சாரம், நான்காவதுதான் இயந்திரம். நம்மவர்கள் பலர் நான்காவதில் தொடங்குகிறார்கள். முதல் மூன்றும் கூடிவந்தால், பழைய இரும்பு லொறி வருமுன் அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நில்லுங்கள். அதை ஓட்டத் தெரிந்த கடைசித் தலைமுறைப் பிட்டர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.